செய்முறைப் பகுதியில் என்ன விடுபட்டது? மற்றவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாதபோது அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஆய்வுக்கட்டுரையின் செய்முறைப் பகுதியை முழுசாகப் படித்த பிறகும் எந்தப் புட்டியை வாங்குவது என்று தெரியவில்லை என்றால், தப்பு படித்தவர் மேல் இல்லை. 2013-இல் பியர்ஜே ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, 84 ஆய்விதழ்களிலிருந்து 238 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் சொல்லப்பட்ட ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம்), செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை), விலங்கின வகை போன்றவற்றை ‘இன்னதுதான்’ என்று அடையாளம் காண முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. 54 விழுக்காட்டை அடையாளம் காண முடியவில்லை. பெரிய ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளும் இதில் தப்பவில்லை.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: எழுதியவர் பொருளின் பெயரை எழுதியிருக்கிறார், தன் கையில் இருந்த பொருளை எழுதவில்லை. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அறிகுறி: “நீங்கள் பயன்படுத்தியது எந்த ஆன்டிபாடி?” என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது

உங்கள் கட்டுரையைத் திறந்து அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். அநேகமாக இப்படி இருக்கும்: ‘புரதத்தை ஃபிளாக் ஆன்டிபாடி (சிக்மா) கொண்டு கண்டறிந்தோம்.’

ஃபிளாக் என்பது புரதத்தில் அடையாளத்துக்காக ஒட்டும் ஒரு சின்ன அமினோ அமிலத் தொடர். எழுதியவர் கண்ணுக்கு இதில் குறையே தெரியாது. அவருடைய ஃப்ரிட்ஜில் இருப்பது ஒரே ஒரு ஃபிளாக் ஆன்டிபாடி. ஆனால் அந்த நிறுவனம் எம்1, எம்2, எம்5 என்று வெவ்வேறு குளோன்களை (ஒவ்வொன்றும் ஒரே செல் வழியில் வந்த தனி ஆன்டிபாடி) விற்றிருக்கிறது. அவை போக முயலில் உண்டாக்கிய பாலிகுளோனலும் (பல ஆன்டிபாடிகளின் கலவை) உண்டு. எம்1 குளோன் பிடிப்பதற்குக் கால்சியம் வேண்டும். அதோடு ஃபிளாக் தொடர் புரதத்தின் என்-முனையில் (தொடக்க முனை), அதற்கு முன்னால் வேறு அமினோ அமிலம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். எம்2-வுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஃபிளாக் எந்த முனையில் இருந்தாலும் பிடிக்கும். இப்போது சி-முனையில் (கடைசி முனை) ஃபிளாக் வைத்த புரதத்தோடு ஒரு மாணவர் உங்கள் கட்டுரையைப் பார்த்து எம்1 வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் சோதனை) ஒரு பட்டையும் வராது. அவர் முதலில் பிளாஸ்மிடை (புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) சந்தேகப்படுவார், அப்புறம் டிரான்ஸ்ஃபெக்ஷனை (அதைச் செல்லுக்குள் ஏற்றுவது), அப்புறம் தன்னையே. ஆன்டிபாடியின் முறை கடைசியில்தான் வரும்.

சரிசெய்த வாக்கியம் இது: ‘சுண்டெலி மோனோகுளோனல் ஃபிளாக் ஆன்டிபாடி, குளோன் எம்2, சிக்மா-ஆல்ட்ரிச், கேட்டலாக் எண் எஃப்1804, ஆர்ஆர்ஐடி:ஏபி_262044, வெஸ்டர்ன் பிளாட்டுக்கு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.’ ஒரு வரிதான் கூடியிருக்கிறது. (ஆர்ஆர்ஐடி என்னவென்று அடுத்த பகுதியில் வரும்.) வெறும் ‘எம்2’ என்றும் நிறுத்திவிடக் கூடாது. ஒரே குளோன் வெவ்வேறு தூய்மையில் வெவ்வேறு கேட்டலாக் எண்களோடு விற்கப்படுவது சாதாரணம்.

கடைசியில் இருக்கும் அளவையும் கவனியுங்கள். பலர் ‘1:1000’ என்று எழுதுவார்கள். புட்டிக்குள் இருந்த செறிவு தெரியாமல் அந்த விகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செறிவு தெரிந்தால் அதையே எழுதுங்கள். தெரியாத சீரமாக இருந்தால் மட்டும் விகிதம் போதும். முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் இதே விவரங்கள் வேண்டும்.

அறிகுறி: மதிப்பாய்வாளர் ‘ஆர்ஆர்ஐடி கொடுக்கவும்’ என்கிறார், அது என்னவென்றே தெரியவில்லை

ஆய்வுக்குப் பயன்படும் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கப்படும் நிலையான அடையாள எண் அது. 2014-இல் 25-க்கும் மேற்பட்ட உயிர்மருத்துவ ஆய்விதழ்கள் சேர்ந்து சோதனை முயற்சியாகத் தொடங்கின. இன்று பல ஆய்விதழ்கள் இதைக் கேட்கின்றன. முன்னொட்டைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். ஏபி என்றால் ஆன்டிபாடி, சிவிசிஎல் என்றால் செல் லைன், எஸ்சிஆர் என்றால் மென்பொருள் போன்ற கருவிகள், ஆட்ஜீன் என்று தொடங்கினால் அந்தக் களஞ்சியத்தின் பிளாஸ்மிட். ஆர்ஆர்ஐடி தளத்தில் கேட்டலாக் எண்ணை இட்டுத் தேடினால் கிடைக்கும். எண்ணைக் கையால் தட்டாதீர்கள். அங்கே இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள அடிக்கோடு காணாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அச்சுக்கோப்பில் எண் இரண்டு வரியாக உடைந்து நடுவில் இடைவெளி விழுவது அடுத்தது. மெய்ப்புப் பார்க்கும்போது இந்த இரண்டையும் தனியாக ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கும். அமெர்ஷாம் என்று பழைய நோட்டில் இருப்பது பிறகு ஜிஇ ஹெல்த்கேர் ஆகி, 2020-இல் சைட்டிவா ஆனது. இன்விட்ரோஜென் முதலில் லைஃப் டெக்னாலஜீஸுக்குள் போய், 2014-இல் தெர்மோ ஃபிஷரோடு சேர்ந்தது. அதனால் நிறுவனப் பெயரை விட்டுவிட்டுக் கேட்டலாக் எண்ணையோ குளோன் பெயரையோ மட்டும் போட்டுத் தேடுங்கள். இரண்டு, அந்தப் பொருள் இன்னும் பதிவாகாமலே இருக்கலாம். உங்கள் ஆய்வகத்திலேயே உண்டாக்கிய ஆன்டிபாடிக்கு நிச்சயம் எண் இருக்காது. ஆன்டிபாடி பதிவேட்டில் விவரங்களை நீங்களே பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம். கட்டுரையை அனுப்பும் நாளன்று இதைத் தொடங்காமல் கொஞ்சம் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எண் தரச் சான்று இல்லை. ‘எது’ என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும்; ‘நன்றாக வேலை செய்யுமா’ என்பதற்குச் சொல்லாது. மோசமான ஆன்டிபாடிக்கும் அழகான ஆர்ஆர்ஐடி உண்டு. எண் போட்டுவிட்டோம், இனி ஆன்டிபாடியைச் சோதிக்க வேண்டாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். நாக்-அவுட் செல்லில் (அந்தப் புரதத்தின் மரபணுவைச் செயலிழக்கச் செய்த செல்) பட்டை மறைகிறதா என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒய்சாரோஸ் என்ற திறந்த அறிவியல் முயற்சி இந்த வேலையைத்தான் வரிசையாகச் செய்துவருகிறது: நிறுவனங்கள் தரும் ஆன்டிபாடிகளைச் சாதாரண செல்லிலும் நாக்-அவுட் செல்லிலும் ஒப்பிட்டு முடிவை வெளியிடுகிறது. உங்களுக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

அறிகுறி: எண் எல்லாம் ஒன்றுதான், ஆனால் பட்டை வேறு இடத்தில் வருகிறது

லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். பாலிகுளோனல் ஆன்டிபாடி ஒரு விலங்கின் சீரத்திலிருந்து வருவது. அந்த விலங்கு போன பிறகு அடுத்த விலங்கிலிருந்து எடுப்பது அதே கேட்டலாக் எண்ணில்தான் விற்கப்படும், ஆர்ஆர்ஐடியும் மாறாது. லாட் எண் மட்டும்தான் மாறியிருக்கும். அதனால் பாலிகுளோனல் என்றால் லாட் எண்ணைக் கட்டுரையிலேயே எழுதுங்கள். மாட்ரிஜெல் (செல் வளர்க்கும் கூழ்), கன்றுக் கருச் சீரம், கொலாஜனேஸ் (திசுவைக் கரைக்கும் நொதி) இவற்றுக்கும் அப்படியே; லாட்டுக்கு லாட் குணம் மாறும் என்பது இவற்றைக் கையாண்ட எல்லோருக்கும் தெரியும். சோதனையின் நடுவில் லாட் மாறியிருந்தால் எந்தப் படம் எந்த லாட்டில் எடுத்தது என்பதும் வேண்டும்.

அமினோ அமிலத் தொடர் தெரிந்த ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி (விலங்கின் சீரத்திலிருந்து எடுக்காமல், மரபணுவிலிருந்து செல்லில் உண்டாக்குவது) கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள். இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும்.

அறிகுறி: செல்கள் கட்டுரையில் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டுரை முழுக்கவே தவறான செல்லில் நடந்திருக்கலாம்.

முதல் வேலை, செல்லோசாரஸ் தரவுத்தளத்தில் அந்தச் செல் லைனின் பக்கத்தைத் திறப்பது. சிக்கலான லைன் என்றால் அங்கே எச்சரிக்கை இருக்கும். அடையாளம் மாறிப்போன செல் லைன்களுக்கு ஐசிஎல்ஏசி என்ற சர்வதேசக் குழு தனிப் பதிவேடே வைத்திருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஹெப்-2-ஐக் குரல்வளைப் புற்றுநோய் செல் என்றும், சாங் லிவரைக் கல்லீரல் செல் என்றும் சொல்லி எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் உண்மையில் ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய் செல். எம்டிஏ-எம்பி-435 மார்பகப் புற்றுநோய்க்கான மாதிரி என்று நெடுங்காலம் பயன்பட்டது. மரபணு ஒப்பீட்டில் எம்14 என்ற மெலனோமா (தோல் புற்றுநோய்) லைனோடு ஒத்துப்போனது. மார்பகம் என்று நினைத்து எழுதிய முடிவுகளை எல்லாம் இப்போது எப்படிப் படிப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் சரியாக இருந்தால், அடுத்தது அந்தப் பெயரின் வால். ‘ஹெக் செல்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஹெக்293 என்றும் எடுக்கலாம், ஹெக்293டி என்றும் எடுக்கலாம். டி என்ற அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் எஸ்வி40 வைரஸின் லார்ஜ்-டி ஆன்டிஜன் இருக்கிறது. எஸ்வி40 தொடக்கப் புள்ளி கொண்ட பிளாஸ்மிட் அதில் பெருகும், ஹெக்293-இல் பெருகாது. புரத விளைச்சல் எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு குறைவு என்ற புகாருக்குச் சிலசமயம் இந்த ஓர் எழுத்துதான் காரணம். செல்லோசாரஸில் இரண்டுக்கும் வெவ்வேறு எண்: முன்னது சிவிசிஎல்_0045, பின்னது சிவிசிஎல்_0063.

எழுதுபவர் செய்ய வேண்டியது: லைனின் முழுப் பெயர், அடையாள எண், எங்கிருந்து வாங்கினீர்கள், எந்தப் பாசேஜ் எண்ணுக்குள் (செல்களைப் பிரித்து மறுபடி வளர்த்த தடவை) சோதனை செய்தீர்கள், எஸ்டிஆர் சோதனை (டிஎன்ஏ வழியாகச் செல்லை அடையாளம் காண்பது) எப்போது செய்தீர்கள், மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் பாக்டீரியா) சோதனையின் முடிவு என்ன. ‘பக்கத்து ஆய்வகத்தின் அன்பளிப்பு’ என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அப்படி வந்த செல்லுக்குத்தான் எஸ்டிஆர் சோதனை முதலில் வேண்டும். இரண்டு எஸ்டிஆர் விவரங்களும் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பொருந்தினால் ஒரே மூலம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

அறிகுறி: சுண்டெலிகளில் அந்த விளைவு வரவே இல்லை

கட்டுரையில் ‘சி57பிஎல்/6 சுண்டெலிகள்’ என்று இருக்கிறதா? கோளாறு அங்கேயே இருக்கலாம். 1951-இல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போன கிளை என்-வகை ஆனது. ஜாக்சனிலேயே இருந்தது ஜே-வகை. ஜே-வகையில் என்என்டி மரபணுவின் ஒரு பகுதி இல்லை. குளுக்கோஸ் தாங்குதிறன் பற்றிய ஆய்வில் இது நேராக இடிக்கும். என்-வகையில் சிஆர்பி1 மரபணுவில் ஆர்டி8 என்ற மாற்றம் இருக்கிறது. விழித்திரை ஆய்வு செய்பவர் இதைக் கவனிக்காமல் விட்டால், தான் உண்டாக்கிய நாக்-அவுட்டால் விழித்திரை கெட்டது என்று நம்பிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே துணைவகையை முழுதாக எழுதுங்கள்; ஜாக்சன் ஜே-வகையின் ஸ்டாக் எண் 000664.

நாக்-அவுட் சுண்டெலி ஒரு துணைவகையிலும் ஒப்பீட்டுச் சுண்டெலி மற்றதிலும் இருப்பதுதான் மிக மோசமான நிலைமை. கட்டுரையைப் படித்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒப்பீட்டு விலங்குகள் கூடப் பிறந்தவையா, தனியாக வாங்கியவையா என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

வகை சரி, துணைவகையும் சரி, இன்னும் விளைவு வரவில்லையா? வாங்கிய இடத்தைப் பாருங்கள். 2009-இல் வந்த ஆய்வுகள், டாகோனிக் நிறுவனச் சுண்டெலிகளின் குடலில் இருந்த ஒரு வகை இழைப் பாக்டீரியா ஜாக்சன் சுண்டெலிகளில் இல்லை என்றும், அந்தப் பாக்டீரியாதான் டிஎச்17 என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது என்றும் காட்டின. நோயெதிர்ப்பு ஆய்வு என்றால் விற்பனையாளர் பெயர் சும்மா நன்றிக்காகப் போடுவது இல்லை. அதுவும் சோதனையின் ஒரு பகுதி. வயது, பாலினம், உணவு, தங்கும் கூண்டின் நிலைமை இவற்றுக்கு அரைவ் என்ற விலங்காய்வு எழுதும் வழிகாட்டுதலின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அறிகுறி: ‘முன்பு விவரித்தபடி’ என்ற வரியைப் பின்தொடர்ந்தால் முடிவே இல்லை

2021 கட்டுரை 2014 கட்டுரையைக் காட்டுகிறது, அது 2006-ஐ, அது 1998-ஐ. 1998-இல் இருப்பதோ வேறு திசு, வேறு நொதி. இந்த விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புற்றுநோய் உயிரியல் மறுசோதனைத் திட்டம் 2021-இல் தன் முடிவுகளை வெளியிட்டபோது அதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்ய எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றைக்கூட, கட்டுரையை மட்டும் வைத்து முழுதாகத் திட்டமிட முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் செய்து முடித்தவை 23 கட்டுரைகளின் 50 சோதனைகள்.

விவரம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு 2014-இல் செல் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் இரண்டு அமெரிக்க ஆய்வகங்கள் சேர்ந்து எழுதிய ஒரு குறிப்பைச் சொல்லலாம். பெர்க்லியில் ஒன்று, பாஸ்டனில் மற்றொன்று. ஒரே மார்பகத் திசு, ஒரே செய்முறை, ஆனால் செல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் விவரங்கள் ஒத்துப்போகவில்லை. கருவி, ரீஜென்ட், திசுவின் மூலம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது: நொதியில் ஊறும் திசுவை ஓர் ஆய்வகம் வேகமாகக் கலக்கியது, மற்றது மெதுவாக ஆட்டி நீண்ட நேரம் வைத்தது. ‘கொலாஜனேஸில் செரிக்க வைத்தோம்’ என்று இருவருமே எழுதியிருப்பார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான்.

சரிசெய்ய: பழைய கட்டுரையைச் சுட்டலாம், ஆனால் சுட்டும் முன் அதைத் திறந்து, நீங்கள் செய்தது உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் மாற்றிய இடங்களை இங்கேயே எழுதுங்கள். ‘சிறு மாற்றங்களுடன்’ என்று மட்டும் எழுதுவது கைகழுவும் வேலை. சொல் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், முழுச் செய்முறையைப் புரோட்டோகால்ஸ்.ஐஓ போன்ற இடத்தில் ஏற்றி அதற்குரிய டிஓஐ எண்ணை (இணைய ஆவணத்துக்கான நிலையான முகவரி) சுட்டுங்கள். செல் குழும ஆய்விதழ்கள் 2016 முதல் கேட்கும் முக்கிய வளங்களின் அட்டவணையை, உங்கள் ஆய்விதழ் கேட்காவிட்டாலும் பின்னிணைப்பாக வைக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அறிகுறி: சின்னச் சின்ன எண்கள் பொருந்தவில்லை

சென்ட்ரிஃபியூஜ் வேகத்தை நிமிடத்துக்கு 3000 சுற்று என்று எழுதியிருந்தால் ரோட்டரின் ஆரத்தைக் கேளுங்கள். 8 செ.மீ. ஆரத்தில் அது புவியீர்ப்பின் 805 மடங்கு விசை, 16 செ.மீ. ஆரத்தில் 1610 மடங்கு. எழுதும்போது விசையையே எழுதுங்கள், சிக்கல் அதோடு போச்சு.

உப்புகளில் நீர் மூலக்கூறைச் சேர்த்து எழுதுங்கள். நீரற்ற மக்னீசியம் குளோரைடின் மூலக்கூறு எடை 95.2, ஹெக்சாஹைட்ரேட்டுக்கு 203.3. கிராம் கணக்கில் மட்டும் செய்முறை கொடுத்தால் செறிவு பாதிக்கும் கீழே போய்விடலாம்.

மென்பொருளுக்குப் பெயர், பதிப்பு எண், ஆர்ஆர்ஐடி. ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருள் என்றால் எஸ்சிஆர்_002285. இயங்குதளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் பதிப்பும் இயங்குதளமும் மாறினால் அளந்த மூளைப் பகுதிகளின் அளவே மாறுகிறது என்று 2012-இலேயே காட்டிவிட்டார்கள். மனித மரபணுத் தரவு என்றால் ஒப்பீட்டு மரபணுத் தொகுப்பின் பதிப்பு ஜிஆர்சிஎச்37-ஆ 38-ஆ என்று சொல்லாமல் எந்த ஆயத்தொலையையும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: எழுத உட்கார்ந்தால், குழாயில் ‘ஆன்டிபாடி புதுசு’ என்று மட்டும் இருக்கிறது, அதைச் செய்தவர் போய்விட்டார்

முதலில் கொள்முதல் பதிவுகள். ஆர்டர் மின்னஞ்சல், பில், டெலிவரி சீட்டு இவற்றில் கேட்டலாக் எண் கட்டாயம் இருக்கும். டெலிவரி சீட்டில் பெரும்பாலும் லாட் எண்ணும் இருக்கும். அங்கே இல்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள், வாடிக்கையாளர் கணக்கில் பழைய ஆர்டர்கள் கிடக்கும். அப்புறம் போய்விட்டவருக்கே ஒரு மின்னஞ்சல். ‘செய்முறையை அனுப்புங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வர நாளாகும். ‘நீலப் பெட்டி, மூன்றாவது வரிசை, இது எம்2-வா?’ என்று புகைப்படத்தோடு கேட்டால் பெரும்பாலும் அன்றே வரும்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். ‘லாட் எண் பதிவு செய்யப்படவில்லை’ என்று எழுதுங்கள். படிப்பவர் அதைப் பார்த்துக் குறைந்தபட்சம் தேடுவதை நிறுத்துவார். தவறான எண்ணைக் கொடுத்தால் அவர் அதை நம்பிக் காசு கொடுத்து வாங்கிவிடுவார்.

இனிமேலுக்கு ஒரு வழி: புட்டியைத் திறக்கும் அன்று லேபிளைப் புகைப்படம் எடுத்து, ஆய்வகத்துக்குப் பொதுவான ஒரு அட்டவணையில் கேட்டலாக் எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி, திறந்த தேதி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிறு குழாய்களில் பிரித்து வைக்கும்போது முழுப் பெயருக்கு இடம் இருக்காது. அந்த வரியின் எண்ணை மட்டும் மூடியில் எழுதினால் போதும்.

அறிகுறி: கட்டுரை ஏற்கெனவே வெளிவந்துவிட்டது

கேட்டலாக் எண் தவறு, செல் லைன் பெயர் தவறு என்றால் ஆய்விதழுக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். விடுபட்ட விவரம் மட்டும் என்றால் முழு அட்டவணையை டிஓஐ எண் கிடைக்கும் ஒரு களஞ்சியத்தில் ஏற்றி, ஆய்விதழ் அனுமதித்தால் கட்டுரையின் பக்கத்தில் இணைப்பாகச் சேருங்கள். மின்னஞ்சலில் கேட்பவர்களுக்கும் அந்த இணைப்பையே அனுப்பலாம். செல் லைன் ஐசிஎல்ஏசி பதிவேட்டில் இருப்பது பின்னால் தெரியவந்தால் விவரத் திருத்தம் போதாது. முடிவே நிற்குமா என்று முதலில் உங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு, அப்புறம் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள்.